‘மாட்டன்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதுவது: ‘ரிஃபியூஸ்’ என்ற சொல்லைப் புதிதாகப் பழகுவோருக்கு

கிளிநொச்சியில் பின்னேர ஆங்கில வகுப்பு எடுக்கத் தொடங்கிய புதிதில் ஒரு தம்பி, கையால் எழுதிய கடிதம் ஒன்றைக் கொண்டுவந்து “ஒருக்கா பாத்துத் தாங்கோ ரீச்சர்” என்றார். வெளிநாட்டில் இருக்கும் அக்காவின் கலியாணத்துக்குப் போக விசாவுக்கு விண்ணப்பிக்கிறார். முன்பும் ஒருமுறை விண்ணப்பித்துக் கிடைக்கவில்லை. அதை மறைக்கக் கூடாது என்று நேர்மையாக ஒரு வரி எழுதியிருந்தார்: “ஐ ரிஃபியூஸ்ட் விசா இன் 2019.”

அவர் மனதில் இருந்தது “2019இல் எனக்கு விசா மறுத்துவிட்டார்கள்” என்பது. தாளில் இருந்த ஆங்கிலமோ “2019இல் நான் விசாவை வேண்டாம் என்றுவிட்டேன்” என்று சொன்னது. இரண்டும் நேர் எதிர். அந்தக் கடிதத்தைப் படிக்கிற அதிகாரிக்கு இந்தத் தம்பியின் முகம் தெரியாது, அவர் பட்ட அலைச்சல் தெரியாது. தாளில் உள்ள வரி மட்டும்தான் தெரியும்.

அன்றிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்கு இந்தச் சொல்லைத் தனியாக எடுத்து நிதானமாகச் சொல்லிக் கொடுக்கிறேன். மறுப்பது, மறுக்கப்படுவது இரண்டும் எங்கள் ஊர் வாழ்க்கையில் அடிக்கடி வருகிறவை. படிவம், வங்கி, ஆஸ்பத்திரி, பத்திரிகை எங்கே பார்த்தாலும் இந்தச் சொல் நிற்கிறது. கீழே உள்ள வரிசையிலேயே பழகுங்கள். முதல் படிதான் நீளமானது. அதைத் தாண்டிவிட்டால் மற்றவை சுலபம்.

முதற்படி: ‘இல்லை’ என்று சொன்னது யார்?

ஆங்கில வசனத்தை எழுத முன்னர் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். ‘இல்லை’ என்று சொன்னவர் யார், அதைக் கேட்டு நின்றவர் யார் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

தமிழில் இதைக் காட்டுவதற்கு எங்களிடம் நல்ல அடையாளம் ஒன்று உண்டு. அதுதான் ‘கு’ என்ற உருபு. எனக்கு மறுத்தார்கள், அம்மாவுக்கு மறுத்தார்கள், ஊர்ச்சனத்துக்கு மறுத்தார்கள். ‘கு’ ஏறிய ஆள் கேட்டு நின்றவர். தமிழில் அந்த ஆளை வசனத்தின் முதலில் வைத்தாலும் நடுவில் வைத்தாலும் பொருள் மாறாது, ‘கு’ அவரைக் காப்பாற்றிவிடும். ஆங்கிலத்தில் அந்த உருபு இல்லை. வினைச்சொல்லுக்கு முன்னால் நிற்பவர்தான் அந்த வேலையைச் செய்தவர் என்று எடுத்துக்கொள்வார்கள். ஆகவே கேட்டு நின்றவரை முன்னால் வைக்க விரும்பினால், ‘வோஸ்’ அல்லது ‘வேர்’ என்ற சொல்லைச் சேர்த்தே ஆக வேண்டும்.

நான் வேண்டாம் என்றேன்: “ஐ ரிஃபியூஸ்ட் த லோன்.”
எனக்குத் தரமாட்டோம் என்றார்கள்: “ஐ வோஸ் ரிஃபியூஸ்ட் எ லோன்.”

இடையில் வருகிற அந்தச் சின்னச் சொல்தான் ‘கு’ செய்த வேலையைச் செய்கிறது. மறுத்தவர் யார் என்றும் சொல்ல விரும்பினால் அவரை முன்னால் கொண்டுவாருங்கள்: “த பாங்க் ரிஃபியூஸ்ட் மீ எ லோன்.” இதில் ‘டு மீ’ என்றோ ‘ஃபோர் மீ’ என்றோ சேர்க்க வேண்டாம். தமிழில் ‘எனக்கு’ என்று இருப்பதால் கை தானாக ‘டு’ போடப் பார்க்கும், தடுத்துக்கொள்ளுங்கள். இதெல்லாம் பாரமாக இருக்கிறது என்றால் இன்னும் இலகுவான வழி ஒன்று இருக்கிறது. பொருளையே முன்னால் வையுங்கள்: “மை விசா வோஸ் ரிஃபியூஸ்ட்.” நூற்றுக்கு நூறு சரியான வசனம்.

செய்தி வாசிக்கும்போதும் இந்தக் கண் வேண்டும். இரணைமடுவில் சிறுபோகத்துக்கு முன்னால் கூட்டம் வைத்து, குளத்தில் இருக்கும் தண்ணீரைப் பார்த்து இத்தனை ஏக்கருக்குத்தான் விதைக்கலாம் என்று முடிவெடுப்பார்கள். அந்த அளவுக்கு வெளியே நிற்கிற வயல்காரருக்குத் தண்ணீர் இல்லை. அதை ஆங்கிலத்தில் எழுதினால் “ஃபார்மர்ஸ் வேர் ரிஃபியூஸ்ட் வோட்டர்” என்று வரும். ‘வேர்’ விழுந்துவிட்டால் விவசாயிகளே தண்ணீர் வேண்டாம் என்றதாக ஆகிவிடும். இதில் ஒரு சிக்கல் உண்டு. பத்திரிகைத் தலைப்புகளில் இடத்துக்காக ‘வேர்’ போன்ற சொற்களை விட்டுவிடுவார்கள். “ஃபார்மர்ஸ் ரிஃபியூஸ்ட் வோட்டர்” என்று தலைப்பு இருந்தால் அவசரப்படாமல் கீழே முதல் பந்தியைப் பாருங்கள். அங்கே முழு வசனம் இருக்கும்.

இது வெறும் இலக்கணம் என்று வன்னியில் யாரும் நினைக்கமாட்டார்கள் என்பது என் எண்ணம். ‘காணாமல் போனோர்’ என்று எழுதினால் எங்கள் அம்மாமார் ஒத்துக்கொள்வதில்லை. ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்று எழுதச் சொல்வார்கள். போவது தானாக நடப்பது, ஆக்குவதற்கு ஒருவர் வேண்டும். ஒரு வினைச்சொல் யாருடைய செயல் என்பதில் இவ்வளவு கவனமாக இருக்கும் சனங்களுக்கு ‘ரிஃபியூஸ்ட்’, ‘வோஸ் ரிஃபியூஸ்ட்’ என்ற வித்தியாசம் விளங்க அதிக நேரம் எடுக்காது. வகுப்பில் இந்த உதாரணத்தைச் சொன்ன பிறகு அந்தப் பிழை விடுகிறவர்கள் மிகவும் குறைந்துவிட்டார்கள்.

படிவத்தில் வரும் கேள்வி

இதையும் முதற்படியோடு சேர்த்தே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் இதற்காகத்தான் வகுப்புக்கே வருகிறார்கள். அமெரிக்க விசாவுக்கான இணையப் படிவத்தில் “உங்களுக்கு எப்போதாவது விசா மறுக்கப்பட்டதா” என்ற கேள்வி ‘ஹாவ் யூ எவர் பீன் ரிஃபியூஸ்ட்’ என்று தொடங்குகிறது. பிரித்தானியப் படிவமும் கேட்கும், கனடாவும் கேட்கும். ‘பீன் ரிஃபியூஸ்ட்’ என்றால் மற்றவர்கள் உங்களுக்கு மறுத்தது. “நான் ஒன்றையும் மறுக்கவில்லையே” என்று நினைத்து ‘நோ’ போடாதீர்கள். ஒருமுறை கிடைக்காமல் போயிருந்தால் ‘யெஸ்’ போட்டு, எந்த நாடு, எந்த வருடம், என்ன காரணம் என்று எழுதுங்கள். முன்பு கிடைக்காதது மட்டுமே புது விண்ணப்பத்தை முடித்துவிடாது. மறைத்தது தெரியவந்தால் கதை வேறு. பிரித்தானிய விதிகளில் ஏமாற்றியதாக முடிவெடுத்தால் 10 வருடம் வரை தடை விழலாம்.

இன்னொன்று. ஊரில் எல்லாரும் “விசா ரிஜெக்ட் ஆயிட்டுது” என்றுதான் சொல்கிறோம். பேச்சில் அது பரவாயில்லை. ஆனால் பிரித்தானிய உள்துறையின் வழக்கில் இரண்டும் இரண்டு பொருள். கட்டணம் கட்டவில்லை, விண்ணப்பம் முறையாக இல்லை என்று பரிசீலிக்காமலே திருப்பினால் அது ‘ரிஜெக்ட்’. வாங்கி, படித்துப் பார்த்து, இல்லை என்று முடிவெடுத்தால் அது ‘ரிஃபியூஸ்’. கையில் இருக்கும் கடிதத்தில் எந்தச் சொல் இருக்கிறதோ அதையே உங்கள் விண்ணப்பத்திலும் எழுதுங்கள். மொழிபெயர்த்துத் தருகிறேன் என்பவர் ஒரு சொல்லை மாற்றிப் போட்டுவிட்டால் அதற்குப் பொறுப்பு கையெழுத்து வைத்த உங்களுடையது.

இரண்டாம் படி: ‘பேச மறுத்தார்’, ‘பேசியதை மறுத்தார்’

தமிழில் ‘மறு’ என்ற ஒரு சொல்லே பல வேலை பார்க்கிறது. “அமைச்சர் பேச மறுத்தார்” என்கிறோம். “அமைச்சர் அப்படிப் பேசியதை மறுத்தார்” என்றும் சொல்கிறோம். ஆங்கிலத்தில் இவை இரண்டு வேறு வினைகள். முதலாவது ‘ரிஃபியூஸ்’, இரண்டாவது ‘டினை’.

எதைப் போடுவது என்று தெரிந்துகொள்ளத் தமிழே உதவுகிறது. ‘மறு’ என்பதற்கு முன்னால் உள்ள சொல்லைப் பாருங்கள். பேச, போக, தர, வாங்க, கையெழுத்திட என்று ‘அ’ ஓசையில் முடிந்தால் ‘ரிஃபியூஸ் டு’. பேசியதை, போனதை, எடுத்ததை என்று ‘ஐ’ ஓசையில், நடந்து முடிந்ததாக இருந்தால் ‘டினை’. போக மறுத்தான் என்றால் “ஹீ ரிஃபியூஸ்ட் டு கோ”. காசு எடுத்ததை மறுத்தான் என்றால் “ஹீ டினைட் டேக்கிங் த மணி”. குற்றச்சாட்டை மறுப்பதும் ‘டினை’ தான். ஒன்று இனிச் செய்யமாட்டேன் என்பது, மற்றது முன்பு செய்யவில்லை என்பது. பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலம் மொழிபெயர்க்கப்படும்போது இந்த வித்தியாசம் ஒருவரின் தலையெழுத்தையே மாற்றக்கூடும்.

‘ரிஃபியூஸ்’ என்பதற்குப் பின்னால் வினை வந்தால் எப்போதும் ‘டு’ தான். ‘ரிஃபியூஸ்ட் கோயிங்’ என்று வராது. பிள்ளைகள் அதிகம் விடுகிற பிழை இது. இன்னொரு பிழை: “அப்பா என்னைப் போகவிட மறுத்தார்” என்பதை “ஃபாதர் ரிஃபியூஸ்ட் மீ டு கோ” என்று எழுதுவது. தமிழில் ‘விட’ என்ற சொல் இருக்கிறதல்லவா, அதை ஆங்கிலத்திலும் வையுங்கள்: “மை ஃபாதர் ரிஃபியூஸ்ட் டு லெட் மீ கோ.”

மூன்றாம் படி: ‘ஏலாது’ என்ற சொல்லோடு கவனம்

எங்கள் பேச்சில் ‘ஏலாது’ என்ற சொல்லுக்கு இரண்டு முகம். “காய்ச்சல், எழும்ப ஏலாது” என்றால் உடம்பில் சக்தி இல்லை. “காசு தர ஏலாது எண்டு சொல்லிப்போட்டான்” என்றால் மனம் இல்லை. கேட்பவருக்குச் சொல்கிறவரின் குரலிலும் முகத்திலும் இருந்து விளங்கிவிடும். ஆங்கிலத்தில் முதலாவதற்கு ‘கான்ட்’, இரண்டாவதற்கு ‘வோன்ட்’ அல்லது ‘ரிஃபியூஸ்’. மாற்றிப் போட்டால் கேட்பவர் வேறு கதையை விளங்கிக்கொள்வார்.

இது மிகவும் முக்கியமாகும் இடம் ஆஸ்பத்திரி. தமிழ் தெரியாத வைத்தியரிடம் அரைகுறை ஆங்கிலத்தில்தான் சொல்ல வேண்டிய நிலை பலருக்கு வந்திருக்கிறது. குழந்தை சாப்பிடவில்லை என்று கொண்டு போகிறீர்கள். வைத்தியர் தெரிந்துகொள்ள விரும்புவது இதைத்தான்: வாயில் வைத்தால் விழுங்க முடியாமல் நோகிறதா, அல்லது தலையைத் திருப்பி வேண்டாம் என்கிறதா? விழுங்க முடியவில்லை என்றால் “ஷீ கான்ட் ஸ்வோலோ.” பாலைக் காட்டினாலே முகத்தைத் திருப்புகிறது என்றால் “ஷீ ரிஃபியூசஸ் மில்க்.” கைக்குழந்தை பால் குடிக்க மறுப்பதை வைத்தியர்கள் தங்கள் குறிப்புகளில் ‘ரிஃபியூசிங் ஃபீட்ஸ்’ என்றே எழுதுவார்கள், அந்தத் தொடரை மனதில் வைத்திருங்கள். எத்தனை மணியிலிருந்து என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வெறும் “சாப்பிடவில்லை” என்பது மூன்றாவது வகை. ‘டிட் நொட் ஈட்’. அதில் மறுப்பு இருக்கிறதா என்று தெரியாது, மறந்துபோயும் இருக்கலாம், சோறு இல்லாமலும் இருக்கலாம். ‘ரிஃபியூஸ்’ என்று சொல்ல முன்னால் ஒருவர் கேட்டிருக்க வேண்டும், கொடுத்திருக்க வேண்டும், அல்லது கட்டளையிட்டிருக்க வேண்டும். கேட்காத ஒன்றை மறுக்க முடியாது.

நான்காம் படி: சொல்லின் எடையைப் பாருங்கள்

ஒட்டுசுட்டானிலோ மல்லாவியிலோ ஒரு வீட்டுக்குப் போனால் கதிரையில் இருக்க முதலே தேத்தண்ணி வந்துவிடும். “வேண்டாமக்கா, இப்பதான் குடிச்சனான்” என்போம். சோறு இரண்டாம்தரம் போட வந்தால் “காணும், காணும்” என்று கையைக் குறுக்கே வைப்போம். இவையும் மறுப்புத்தான், ஆனால் அன்போடு செய்யும் மறுப்பு. அதே இடத்தில் ஆங்கிலத்தில் “ஐ ரிஃபியூஸ்” என்றால் கோப்பையைத் தள்ளிவிட்டது மாதிரி இருக்கும். “நோ தாங்க் யூ, ஐ ஹாவ் ஜஸ்ட் ஹாட் சம்” என்றால் எங்கள் ஊர்ப் பதிலுக்குக் கிட்ட வரும்.

அழைப்பிதழுக்கு வரமுடியாது, வேலை கிடைத்தும் சேரமுடியாது என்று கடிதம் எழுதும்போது ‘டிக்ளைன்’ என்ற சொல்லை எடுங்கள். மரியாதையோடு விலகுவது அது. பேச்சில் ‘டேர்ன் டவுன்’ என்பார்கள்: நெல்லுக்கு வியாபாரி சொன்ன விலை கட்டாது என்று கொடுக்காமல் விட்டால் “வீ டேர்ன்ட் டவுன் த ஓஃபர்”. ஒரு யோசனையை, திட்டத்தை, முடிவை ஏற்றுக்கொள்ளாமல் தள்ளுவது ‘ரிஜெக்ட்’.

சரி, அப்படியென்றால் ‘ரிஃபியூஸ்’ எப்போது? மேசையில் கை வைத்துச் சொல்ல வேண்டிய இடத்தில். அந்த இடங்களில் அதை மென்மையாக்கவும் கூடாது. 2017இல் முல்லைத்தீவு மாவட்டத்தின் பிலக்குடியிருப்பு மக்கள் தங்கள் காணியை விடும்வரை விமானப்படை முகாமுக்கு முன்னால் இருந்து எழும்பமாட்டோம் என்று இருந்தார்கள். அதற்குச் சரியான ஆங்கிலம் “தே ரிஃபியூஸ்ட் டு லீவ்”. அதே ஆண்டு பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். பிள்ளைக்கு என்ன நடந்தது என்று சொல்லாமல் மரணச் சான்றிதழை நீட்டினால் வாங்கமாட்டோம் என்று பல அம்மாமார் சொன்னார்கள். இதை ‘டிக்ளைன்’ என்று எழுதினால் கலியாண வீட்டுக்கு வரமுடியாது என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். “த மதர்ஸ் ரிஃபியூஸ்ட் டு அக்செப்ட் த டெத் சேர்ட்டிஃபிகேட்ஸ்” என்றுதான் எழுத வேண்டும். அரசு அமைத்த காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தில் நம்பிக்கை இல்லை என்று அவர்கள் தள்ளியதை ‘ரிஜெக்ட்’ என்று எழுதலாம். கையில் நீட்டிய தாளை வாங்காதது ‘ரிஃபியூஸ்’, ஒரு ஏற்பாட்டையே ஏற்காதது ‘ரிஜெக்ட்’.

எங்கள் சனங்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப் போகும் பிள்ளைகளுக்கு இந்தப் படியைத்தான் அதிகம் வற்புறுத்துகிறேன்.

ஐந்தாம் படி: பம்பும் லான்ட்மாஸ்டரும்

இது சின்னது. வோட்டர் பம்ப் காலையில் எத்தனை தரம் இழுத்தாலும் ஸ்டார்ட் வருகுதில்லை என்றால் “த பம்ப் ரிஃபியூசஸ் டு ஸ்டார்ட்” என்று ஆங்கிலத்தில் தாராளமாகச் சொல்லலாம். உயிரில்லாத பொருளுக்கும் இந்தச் சொல் பொருந்தும், “மாட்டன் எண்டு நிக்குது” என்று நாங்கள் லான்ட்மாஸ்டரை, அதாவது கையால் பிடித்து ஓட்டும் சின்ன உழவு இயந்திரத்தை, சொல்வது போலத்தான். ‘வோன்ட் ஸ்டார்ட்’ என்பதும் அதே.

ஆறாம் படி: வாயால் சொல்லிப் பழகுங்கள்

வினையாகச் சொல்லும்போது அழுத்தம் பின்பகுதியில்: ரி-ஃபியூஸ். முடிவில் வரும் ஒலி எங்கள் ‘ஸ்’ அல்ல, வண்டு இரைகிற மாதிரி தொண்டை அதிர வேண்டும். கழுத்தில் விரலை வைத்துப் பாருங்கள், அதிர்வு தெரிந்தால் சரி.

அதே எழுத்துகளோடு ஒரு பெயர்ச்சொல்லும் உண்டு. அதில் அழுத்தம் முன்னால் வரும், ‘ரெஃப்-யூஸ்’, முடிவில் அதிர்வு இல்லாத வெறும் ‘ஸ்’. பொருள் குப்பை. வெளிநாட்டில் வாளியிலோ லொறியிலோ அந்தச் சொல்லைக் கண்டால் ஏதோ மறுக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். ‘மறுப்பு’ என்ற பெயர்ச்சொல் வேண்டுமென்றால் அது ‘ரிஃபியூசல்’.

‘ரெஃபியூஜி’ என்ற சொல்லோடும் குழப்பிக்கொள்கிறார்கள். எங்களில் எத்தனையோ பேர் ஆங்கிலத்தில் முதலில் கேட்ட சொற்களில் அதுவும் ஒன்று. எழுத்தில் பக்கத்துவீடு போல இருந்தாலும் வேர் வேறு. அகதியைக் குறிக்கும் சொல் தப்பி ஓடுதல் என்ற லத்தீன் வேரிலிருந்து வந்தது. ‘ரிஃபியூஸ்’ பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் அடியில் ‘திருப்பி ஊற்று’ என்ற லத்தீன் வினை இருப்பதாகவே சொல்லாராய்ச்சி செய்வோர் பெரும்பாலும் கருதுகிறார்கள். காசைத் திருப்பிக் கொடுக்கும் ‘ரிஃபண்ட்’ என்ற சொல்லும் அதே வினையிலிருந்துதான். நீட்டிய செம்பிலிருந்து தண்ணீரைத் திரும்ப ஊற்றிவிடும் படம் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் பொருள் மறக்காது.

தம்பியின் கடிதத்தை எப்படித் திருத்தினோம் என்று கேட்பீர்கள். மூன்று வரி எழுதினோம், உங்களுக்கும் தேவைப்பட்டால் ஆண்டையும் காரணத்தையும் மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள்:

“ஐ வோஸ் ரிஃபியூஸ்ட் எ விசிட் விசா இன் 2019. த ரீசன் கிவன் வோஸ் தட் மை பாங்க் ஸ்டேட்மென்ட்ஸ் வேர் நொட் இனஃப். ஐ ஹாவ் அட்டாச்ட் த ரிஃபியூசல் லெட்டர்.”

மூன்றாவது வரியை எழுதிவிட்டு, பழைய மறுப்புக் கடிதத்தின் பிரதியையும் மறக்காமல் கூட வையுங்கள்.